பெட்ரோல் மூடியும் என் மூக்கும்

என் வீட்டுக்காரருக்கு மூக்கு கிடையாது. முகத்தில் இருக்கிறது, எடுப்பாகவே இருக்கிறது, கண்ணாடியைத் தாங்கிக்கொள்ளும். வாசனை பார்க்கிற வேலையை மட்டும் செய்யாது. இரண்டாயிரத்து இருபத்தொன்று ஏப்ரலில் ஊரே படுத்தபோது இவரும் படுத்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தார், வாசனை மட்டும் வரவில்லை. ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள், வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் வந்தபாடில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து மோந்து பார்க்கிறவள் நான். பால் திரிந்துவிட்டதா, நேற்றைய ரசம் தேறுமா, இந்தச் சட்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் என் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். சட்டையை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் சங்கோசப்படுவார். நான் மோந்து பார்க்காமலே துவைக்கப் போடச் சொல்லிவிடுவேன். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கூட இதைப் பார்த்துப் பழகிவிட்டாள், சிரிப்பதில்லை.

இவர் பெயர் பட்டாபிராமன். போசரியில் ஒரு கம்பெனியில் டூல் ரூமைப் பார்த்துக்கொள்கிறார், அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். நான் பானு. மராத்திக்காரர்கள் ஊரான இந்தச் சாங்விக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஒரே பெண் ப்ரீதி பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்குக்கூடக் கிடைக்காத செல்லம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அது கீழே பார்க்கிங்கில் நிற்கிறது.

எண்பத்தாறாம் வருஷத்துப் பத்மினி. எங்கள் வாயில் ஃபியட் என்றுதான் வரும். பாதாம் பால் கலர். நிக்டியில் இருந்த ஒரு பேங்க் மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீட்டு ஆம்பிளைகள் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருப்பார்கள், இவர் போனெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிடுவார். கூப்பிட்டால் முதுகுதான் பதில் சொல்லும். நானும் ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தேன், பிறகு காபியைக் கீழேயே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நிக்டி கோயிலுக்குக் கிளம்பினோம். வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேனோ இல்லையோ, மூக்கில் சுரீர் என்று ஏறியது. பெட்ரோல். சொன்னேன். அவர் பாவம், பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும், மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் உங்களுக்கு ஒன்றுதானே என்றேன். உடனே இறங்கி டிக்கியைத் திறந்தார். அந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயேதான் இருக்கும். வெளியே ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் பெட்ரோல் ஊற்றுகிற வாய், அதற்கு ஒரு மூடி. வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் முழங்கை கனத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். அங்கேதான் எங்கேயோ ஈரம். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் துணி துவைக்கிற சோப்பைக் குழைத்து ஹோஸ் சேருகிற இடத்தில் அப்பினார். அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் செய்வதாம். இரண்டு நாள் வாசனை இல்லை, மூன்றாம் நாள் பெட்ரோலும் சோப்பும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், அதற்குப் பெயர் கிடையாது. பிறகு கிளாம்பை மாற்றினார். பிறகு மூடிக்கு அடியில் இருக்கிற வாஷரை மாற்றினார். ஒவ்வொன்றும் ஆனதும் மேலே வந்து கூப்பிடுவார், நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு இறங்கிப் போய்ப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு டிக்கிக்குள் தலையை விடுவேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை கார் டிக்கிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர் ஃபிளாட் சுஷ்மா, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று மராத்தியில் கேட்டாள். மானம் போயிற்று, வேறென்ன தொலையும் என்று தமிழில் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

அதில் வேடிக்கை என்னவென்றால், வாசனை எப்போதும் வராது. ராத்திரி வராது. அரை டேங்க் இருந்தால் வராது. காலையில் நான் போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்வேன், அவர் முகம் மலர்ந்துவிடும். மத்தியானம் வெயில் ஏறினதும் வந்துவிடும். இவருக்கு ஒரு பழக்கம், பெட்ரோல் பங்குக்குப் போனால் கழுத்துவரை நிரப்பாமல் வரமாட்டார். அப்படி நிரப்பின அன்றைக்கு மத்தியானம் கண்டிப்பாக வரும். இதோடு ஓடும்போது வேறு வண்டிக்கு விக்கல். கட்கி மேம்பாலத்தில் பாதி ஏறினதும் இரண்டு தடவை விக்கும், பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். அதற்காகக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அது வேறு வியாதி என்று நினைத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரலில் ரஃபீக்கிடம் கொண்டுபோனார். முகமது ரஃபீக் தாபோடியில் தகர ஷெட் போட்டு மெக்கானிக் வேலை பார்க்கிறார். வாணியம்பாடிக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். அண்ணி என்கிற அர்த்தத்தில் என்னை பாபி என்பார். ரப்பர் ஹோஸைக் கழற்றி என் முன்னால் மடக்கிக் காட்டினார், விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனாலைக் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது என்றார். புது ஹோஸ் போட்டார், நல்ல கெட்டி ஹோஸ். ஒரு வாரம் நிம்மதி. அடுத்த சனிக்கிழமை டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார், மத்தியானம் மறுபடி வாசனை. இந்தத் தடவை ஹோஸில் ஈரம் இல்லை, மூடிப் பக்கம் ஈரம். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வருகிறதே என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உங்களுக்கு வீடு வேண்டாம், பெண்டாட்டி வேண்டாம், இந்தத் தகரடப்பா இருந்தால் போதும் என்றேன். வண்டியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர் எதற்கு வண்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மே மாதம் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் ஊரின் மறுகோடியில் ஹடப்சரில் ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். எனக்கு முழங்கால் வலி, இவர் மட்டும் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, சாப்பாட்டில் பாயசம் நன்றாக இருந்தது, நிறத்தை வைத்துச் சொல்கிறேன் என்றெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒன்று சொன்னார். வரும்போது அங்கேயே ஒரு பங்கில் டேங்கை நிரப்பினாராம். மூன்று மணி வெயிலில் ஒரு சிக்னலில் பத்து நிமிஷம் நின்றிருக்கிறார். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, மராத்தி வழக்கப்படி காகா என்று கூப்பிட்டு, பின்னால் பெட்ரோல் ஒழுகுகிறது என்றானாம். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோடு நனைந்திருக்கிறது. பக்கத்து ஆட்டோக்காரன் வாயில் பீடி. "நான் பாட்டுக்கு ஏதோ ஹம் பண்ணிண்டு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. கை வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதினோரு நாள் எனக்கு மறக்கவில்லை. உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் நின்று, அவர் பெயர் எழுதி ஒட்டின பையைக் கொடுத்துவிட்டு வருவேன். ராத்திரி எல்லாம் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அப்படித் திரும்பி வந்த மனுஷர் நெருப்புக்குப் பக்கத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தன்னைச் சுற்றிப் பெட்ரோல் என்பதுகூடத் தெரியாமல். அந்த ஸ்கூட்டர்காரன் வேறு ரோட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

"வண்டியைக் குடுத்துடுங்கோ" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கத்தியிருந்தால் வழக்கம்போலக் கீழே போயிருப்பார். கத்தவில்லை, அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது, நான் பக்கத்தில் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, இனிமேல் இதை நான் தாங்கமாட்டேன் என்றேன். இரண்டு நாள் போனெட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சரி என்றார். பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது, அதில் போட்டார். ஒரே நாளில் ஹடப்சரிலிருந்து ஃபோன் வந்தது. ஸ்ரீவத்சன் என்று ஒரு பையன், மெட்ராஸ், ஐ.டி. ஆபீஸில் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு, பிடித்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

விற்கப் போகிற வண்டிதானே, அப்படியே கொடுத்துவிட வேண்டியதுதானே? இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுகுகிற வண்டியை ஒருத்தன் தலையில் கட்டினால் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். நியாயம்தான். சனிக்கிழமை கடைசி முயற்சியாக ரஃபீக்கிடம் போவது என்று முடிவாயிற்று. மோந்து பார்க்க நானும் வரவேண்டும். போகும்போது என்னுடைய பவுடர் டப்பாவை எடுத்து வரச் சொல்லியிருந்தார் ரஃபீக். எதற்கு என்று கேட்டதற்கு, ஹோஸ், மூடி, குழாய் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துவிட்டு மேலே பவுடரைத் தூவினால், முதல் சொட்டு எங்கே வருகிறதோ அங்கே கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும் என்றார். புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. ஆனால் தாழம்பூ வாசனைப் பவுடரைத் தூவிவிட்டு என்னைப் பெட்ரோல் வாசனை பார்க்கச் சொன்னால் நான் எங்கே போவேன். அதையும் சொல்லித் திட்டிவிட்டு ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைத் திருகி, வண்டியை வெயிலில் நிறுத்தினார்கள். பதினொன்றரைக்குக் காத்திருப்பு ஆரம்பித்தது. டீ வந்தது, குடித்தோம். ஒரு மணிக்கு மூடியைச் சுற்றிப் பவுடரில் மெல்லிசாக ஒரு ஈரக் கோடு விழுந்தது. நான் மூக்கை நீட்டினேன், தாழம்பூவையும் தாண்டிக்கொண்டு வந்துவிட்டது. ரஃபீக் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூடி மேல் ஒரு துணியைப் போட்டு மெதுவாகத் திருகினார். பாதி திருகுவதற்குள் குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி புஸ்ஸென்று காற்று சீறியது. துணி முழுக்க நனைந்துவிட்டது.

ரஃபீக் திரும்பி இவரைப் பார்த்தார். டேங்க் மூச்சு விடவில்லை என்றார். வெயிலில் உள்ளே இருக்கிற பெட்ரோல் பொங்கும், காற்று வெளியே போக வழி வேண்டும், வழி இல்லாவிட்டால் எந்த இடம் தளர்ச்சியோ அதை முட்டிக்கொண்டு வரும். ஓடும்போது அதற்கு நேர் எதிர், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வரவேண்டும், வராவிட்டால் எஞ்சின் விக்கும். விக்கலும் ஒழுகலும் ஒரே வியாதி, மூன்று மாதமாக நாம் வைத்தியம் பார்த்ததெல்லாம் வேறு இடத்துக்கு என்றார்.

இவருக்கு முகம் மாறிவிட்டது. மூடியை வாங்கிக்கொண்டார். அந்த மூடி கம்பெனி மூடி இல்லை. அசல் மூடியை ஏதோ பங்கில் மறந்து வைத்துவிட்டு வந்து பல வருஷம் ஆகிறது. அதற்குப் பதிலாக இவரே போசரியில் லேத்தில் பித்தளையில் கடைந்து செய்தது இது. காற்றுப் போக நட்டநடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளையும் போட்டிருந்தாராம். அந்தத் துளையைத் தேடினார். காணோம். துளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சளாக, கெட்டியாக என்னவோ இருந்தது. ரஃபீக் ஒரு ஊசியை எடுத்துச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. மேலே மஞ்சள், நடுவில் சிவப்பு, அதன் கீழே மறுபடி மஞ்சள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சந்தனம். குங்குமம். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் நான் வைக்கிறது. இங்கே எல்லோரும் தசரா அன்றைக்கு வண்டிக்கு செண்டுப் பூ மாலை போட்டு ஹாரத்தி எடுப்பார்கள். நான் நம் வழக்கப்படி முதல் நாளே அரிவாள்மணை, மிக்ஸி, இவருடைய ஸ்பேனர் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். வண்டிக்கு ஸ்டியரிங்கில் ஒன்று, போனெட்டில் ஒன்று, நாலு சக்கரத்துக்கும். அதோடு அந்தச் சின்னக் கதவைத் திறந்து பெட்ரோல் மூடிக்கும் நட்டநடுவில் பெரிசாக ஒன்று. அதுதானே அதற்கு வாய், அங்கே வைக்காமல் எப்படி என்று எனக்கு ஒரு எண்ணம். அத்தனை வருஷம் கல்லில் அரைத்த சந்தனம், காய்ந்தால் கொஞ்சம் உதிர்ந்துவிடும். போன வருஷம் கை மணிக்கட்டு வலி, டப்பாவில் விற்கிற ரெடிமேட் சந்தனத்தை வாங்கிக் குழைத்து வைத்தேன். அது சிமென்ட் மாதிரி இறுகியிருக்கிறது.

மூன்று மாதமாக அந்த மனுஷரை நான் பேசின பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. துப்பில்லாதவர் என்றேனே, அதுவும் வந்தது. ரஃபீக் முதலில் புரியாமல் பார்த்தார், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு ஷெட் அதிரச் சிரித்தார். பாபி, டேங்குக்கே பொட்டு வைத்து மூச்சை அடைத்துவிட்டீர்களே என்றார். அந்தச் சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதற்கப்புறம் வந்தது. சிரித்து முடித்துவிட்டு ரஃபீக் இவரிடம் கேட்டார், ஞாயிறு ஞாயிறு வண்டி முழுக்கத் தேய்த்துத் துடைக்கிறீர்கள், போனெட்டில் ஒரு பறவை எச்சம் விட்டுவைக்கமாட்டீர்கள், இதை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று.

இவர் ஊசியை வாங்கித் துளையைக் குத்திச் சுத்தம் பண்ணிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"மத்ததெல்லாம் வெளியில தெரியறது, பெயின்ட் போயிடும்னு தொடைச்சுடுவேன். இது உள்ளதானே இருக்கு. அவ வெச்சது, இருக்கட்டும்னு விட்டேன்."

கொஞ்சம் கழித்து, ரஃபீக்கிடம் சொல்கிற மாதிரி, துளையை நடுவில் போட்டது என் தப்புதான், பொட்டு நடுவில்தானே வைப்பார்கள் என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது, பவுடர் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

துளை சுத்தமானதும் மூடியைப் போட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்தார்கள். புதுப் பவுடரில் ஒரு புள்ளிகூட விழவில்லை. திரும்பி வரும்போது மேம்பாலத்தில் வண்டி விக்காமல் ஏறியது. நான் வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாளைக்கு அந்தப் பையன் வந்துவிடுவான், நல்லபடியாகக் கொடுத்துவிடலாம், நீ கவலைப்படாதே என்றார். எனக்காகத்தான் கொடுக்கிறார். சரி என்று ஒரு தடவை சொன்னவர், மாற்றிச் சொல்லமாட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சிக்னல் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று, வாய் வரவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே கீழே போய்விட்டார். எட்டு மணிக்கு நான் காபி கொண்டுபோனபோது வண்டி கழுவித் துடைத்து நின்றது. போனெட் மூடியிருந்தது. அவர் டிரைவர் சீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தார், கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பண்ணாமல். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வண்டியில் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டம்ளரைக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஸ்ரீவத்சன் வந்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறப் போனான், இவர்தான் வேண்டாம் என்று தடுத்தார். கதவைச் சாத்தினால் எப்படிச் சத்தம் வருகிறது என்று கேட்டான், கியர் போட்டுப் பார்த்தான், பித்தளை மூடியைத் தடவிப் பார்த்து நீங்களே செய்ததா அங்கிள் என்று வியந்தான். கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைப் பெற்றவர் பேசுகிற குரல் அது. கடைசியில் அந்தப் பையன் கேட்டான், பழைய ஃபியட்டில் பெட்ரோல் வாசனை வரும் என்பார்களே, இதில் எப்படி என்று.

இவர் என்னைக் கைகாட்டினார். எனக்கு மூக்கு வேலை செய்யாது தம்பி, அதை மாமியைத்தான் கேட்கணும் என்றார்.

நான் போனேன். டிக்கிக்குள் தலையை விட்டேன். மூச்சை நன்றாக இழுத்தேன். பாலிஷ் வாசனை, புது ரப்பர் வாசனை, வெயிலில் சுட்ட தகரத்தின் வாசனை. பெட்ரோல் துளிக்கூட இல்லை. பூஜை அறை மாதிரி சுத்தமாக இருந்தது. தலையை வெளியே எடுத்தபோது இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதின பையன் மார்க்குக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"வரது" என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. ஸ்ரீவத்சன் குனிந்து மோந்து பார்த்தான். ஆமாம் மாமி, லேசாக வருகிற மாதிரிதான் இருக்கிறது என்றான். இல்லாத வாசனை, நான் சொன்னதும் அவனுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கெல்லாம் அவன் அசரவில்லை. பரவாயில்லை, ஹடப்சரில் எனக்கு நல்ல மெக்கானிக் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். எனக்குத் திக்கென்றது. அதற்குள் இவர் குறுக்கே வந்தார். ஒழுகுகிற வண்டியை நான் எப்படித் தருவது, ஹடப்சர் வரைக்கும் இந்த வெயிலில் நீ இதை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்றார். பையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். இவர் மசியவில்லை. சரியானதும் கூப்பிடுங்கள் அங்கிள் என்று சொல்லிவிட்டு, வண்டியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் போனதும் இவர் டார்ச்சை எடுத்தார். தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, முனகிக்கொண்டே படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். நேற்று முழு நாளும் வெயிலில் நின்ற மனுஷர். அடியிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம் பானு வரது?"

அந்தக் குரலில் அலுப்பு இல்லை, என் மேல் சந்தேகம் இல்லை. நான் சொல்லிவிட்டேன், அதனால் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். வண்டிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். சுஷ்மா பால்கனியிலிருந்து பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எந்தப் பக்கமும் வரலை. பொய் சொன்னேன்."

டார்ச் வெளிச்சம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக வெளியே நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். முடியில் தூசி, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் மூச்சு விடாமல் பேசினேன். எனக்கு வண்டி வேண்டாம், நீங்கள்தான் வேண்டும், ஆனால் காலையில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். தப்பு பண்ணினது நான், தண்டனை உங்களுக்கா என்றேன். இனிமேல் நான் இல்லாமல் இந்த வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது, பங்குக்குப் போனாலும் நான் வருவேன், ஹடப்சர் போனாலும் நான் வருவேன், முழங்கால் வலித்தாலும் வருவேன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிக்னலில் அவன் கண்ணாடியைத் தட்டுகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிரித்தேனே தவிர, வழி முழுக்க எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஊர்ந்துதான் வந்தேன் என்றார். நீ சொன்னதற்காக மட்டும் சரி சொல்லவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றார். நான்கு வருஷத்தில் மூக்கைப் பற்றி அவர் பயம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்கு வராததை வரதுன்னே. நான் அப்படியே நம்பிப் படுத்துட்டேன். நாளைக்கு வரதை வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரால் சரிபார்க்க முடியாத ஒரே விஷயத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணலாம்தான். சத்தியத்தை அவர் எதை வைத்து மோந்து பார்ப்பார்?

"அப்படிச் சொன்னா நானும்தானே பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்தார். பெட்ஷீட்டை உதறி மடித்தார். பிறகு சுற்றிக்கொண்டு வந்து, முன் பக்கம் என் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.